வல்லாரைச் சம்பலும் ஐம்பதை நெருங்கும் வயதும்

திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ ஒரு கட்டு வல்லாரை வாங்கி வந்தால் கால் மணித்தியாலத்துக்குள் சம்பல் தயார். இலையை அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசறி, தேசிக்காய்ப் புளி விட்டால் முடிந்தது. அடுப்பு மூட்டவே வேண்டாம். உடம்பு திடீர் திடீரெனக் கொதித்து வியர்க்கும் வயதில், சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்காமல் தப்புவதே பெரிய ஆறுதல்.

ஆனால் அந்தச் சம்பலில் அம்மாவின் கோப்பைக்கு எவ்வளவு போகிறது? எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காருபவருக்குச் சட்டியில் மிஞ்சுவது ஒரு கரண்டிதான். அவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.

மாதவிடாய் பெரும்பாலும் ஐம்பது வயதையொட்டி நிற்கிறது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் இரத்தப்போக்கு ஒழுங்கு தவறும். சிலருக்கு மிகவும் கூடும். இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. களைப்பையும் மூச்சு வாங்குவதையும் 'வயசு போகுதுதானே' என்று தள்ளிவிடுகிறோம். அமெரிக்கப் பரிந்துரையின்படி மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும். நின்ற பின் 8 போதும்.

இலைகளிலுள்ள இரும்பைக் குடல் இலகுவில் ஏற்பதில்லை. தேசிக்காயின் விற்றமின் சி அதன் வேதி நிலையை மாற்றி உறிஞ்சத்தக்கதாக்குகிறது. இந்த விற்றமின் சூட்டில் அழிவதால், பச்சையாக உண்ணும் சம்பலுக்கு வறையைவிட இதில் ஒரு வசதி உண்டு. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணிதான் காரியத்தைக் கெடுக்கிறது. தேயிலையின் பொலிபீனோல்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப் போடுங்கள்.

தேங்காய்ப்பூவுக்கும் வேலை இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கொழுப்பே இல்லாத சலாட் உண்டவர்களின் உடலில் கரோட்டின் வகைச் சத்துகள் ஏறக்குறையச் சேரவேயில்லை. எண்ணெய் சேர்த்தபோது சேர்ந்தன. பங்குபற்றியவர்கள் 7 பேர்தான் என்றாலும், கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால் முடிவு நம்பத்தக்கதே. ஆகவே சம்பலில் கொஞ்சம் கரட்டும் துருவிப் போடலாம். அதற்காக அரை மூடித் தேங்காயைத் திருவிக் கொட்ட வேண்டாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் கெட்ட கொலஸ்திரோல் ஏறுகிறது. தேங்காய்க் கொழுப்போ பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பு. ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி பூவும் சில துளி நல்லெண்ணெயும் போதும்.

வல்லாரை ஈர நிலத்தோடு படர்வது. காம்படியில் சேறு ஒட்டியிருக்கும். கட்டை அவிழ்த்து, தண்டு தண்டாக ஓடும் நீரில் கழுவுங்கள். கட்டோடு முக்கி எடுப்பது கழுவல் அல்ல. நீரை நன்றாக உதறி, இலைகளைச் சுருட்டி இறுக்கிப் பிடித்து, நூலாக அரியுங்கள். உப்பும் புளியும் பரிமாறும் நேரத்தில்தான். முன்னரே போட்டால் உப்பு இலையின் நீரை இழுத்துச் சம்பல் சொதசொதத்துவிடும். புளியின் அமிலம் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தைக் கழற்ற, இலை மங்கிப் பழுப்பாகும்.

சம்பலால் ஆகாததையும் சொல்ல வேண்டும். ஈஸ்திரோஜன் குறைந்ததும் எலும்பு தேய்வது வேகம் பிடிக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. ஒரு கட்டு வல்லாரையால் அது நிரம்பாது. முள்ளோடு உண்ணும் நெத்தலி, தயிர், குரக்கன் புட்டு எல்லாம் கூட வர வேண்டும். வல்லாரை ஞாபகசக்தியைக் கூட்டும் என்ற நம்பிக்கைக்கும் போதிய ஆய்வுச் சான்று இல்லை. நல்ல கீரை என்பதே அதை உண்ணப் போதுமான காரணம்.

நாளுக்கு 400 கிராம் பழமும் மரக்கறியும் உண்ணச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றோரத்தில் தொட்டுக்கொள்ளும் சம்பல் அந்தக் கணக்கில் வராது. சமைப்பவர் தனக்கென ஒரு கிண்ணம் நிறைய முதலில் எடுத்து வைக்கட்டும். மறந்தால் பிள்ளைகள் எடுத்து வையுங்கள். இரத்தப்போக்கு அளவு மீறினாலோ, நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் இரத்தம் கண்டாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியரிடம் போங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும், 35 வயதைக் கடந்தவர்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அங்கே பணம் கட்டத் தேவையில்லை.