டிக்கட்டில் மிச்சம், வியாபாரத்தில் நட்டம்

சீனாவுக்குக் கொள்வனவுக்காகப் போய்வரும் நம்மவர்கள் சந்தித்துக்கொண்டால் ஸலாத்துக்கு அடுத்ததாகக் கேட்பது, "டிக்கட் எவ்வளவுக்கு எடுத்தீங்க?" என்பதுதான். குறைந்த தொகை சொல்பவர் கெட்டிக்காரர். நானும் பல வருடங்கள் அப்படிக் கெட்டிக்காரனாக இருந்தவன்தான். 2024 ஒக்டோபர் 26ஆம் திகதி, அந்தக் கெட்டித்தனத்தின் உண்மையான விலை எனக்குத் தெரியவந்தது. அன்று நான் பட்ட பாட்டை மற்ற வர்த்தகச் சகோதரர்களும் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குவாங்சோ நகரின் கன்டன் கண்காட்சி 1957இல் ஆரம்பமானது. வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்தைந்து நாட்களாக மூன்று கட்டங்களில் நடக்கிறது. வீட்டுப் பாவனைப் பொருட்கள் இரண்டாம் கட்டத்தில் வரும். அந்த வருடம் அது ஒக்டோபர் 23 முதல் 27 வரை. நான் சமையலறைப் பாத்திரங்கள் இறக்குபவன். அதற்கு முன் வந்த கொள்கலனில் கைபிடி கழன்ற சட்டிகள் நிறைய இருந்தன. தொழிற்சாலை உரிமையாளரிடம் முறையிட்டபோது, "பழுதான மாதிரிகளை நேரில் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டு அடுத்த பில்லில் கழித்துத் தருகிறேன்" என்றார். கடைசி நாளான 27ஆம் திகதி காலை 10 மணிக்குச் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம்.

கொழும்பிலிருந்து குவாங்சோவுக்கு ஒரே டிக்கட்டாக எடுத்தால் 31,000 ரூபா கூட. அதனால் கோலாலம்பூர் வரை ஒரு சேவையிலும், அங்கிருந்து மலிவு விமான சேவை ஒன்றிலும் இரண்டு டிக்கட்டுகள் எடுத்தேன். டிக்கட் போட்ட தம்பி முன்கூட்டியே சொன்னார்: "நானா, இது ரெண்டு டிக்கட். இடையில ஏதும் நடந்தா ஒருத்தரும் பொறுப்பில்ல." நான் கேட்கவில்லை. பகல் 1.45க்கு இறங்குகிறேன், மாலை 5.05க்கு அடுத்த விமானம். "மூன்று மணி இருபது நிமிஷம் இருக்கே தம்பி, காணும்" என்றேன்.

அன்று நடந்தது

சுபஹ் தொழுதுவிட்டு கட்டுநாயக்க போனேன். காலை 7.30க்குப் புறப்பட வேண்டிய விமானம் 8.40க்குத்தான் கிளம்பியது. கோலாலம்பூரில் தரையைத் தொட்டபோது அங்கத்திய நேரம் 2.55. நம் நேரத்தைவிட மலேசியாவும் சீனாவும் இரண்டரை மணித்தியாலம் முந்தியவை. டிக்கட்டில் அச்சிடப்படுவது அந்தந்த ஊர் நேரம் என்பதை மறந்து கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு.

விமானத்தை விட்டு இறங்கும்போது 3.15. எங்களை இறக்கியது முதலாம் முனையத்தின் துணைக் கட்டடத்தில். அங்கிருந்து பிரதான கட்டடத்துக்கு ஓடும் சிறு ரயில் 2023 மார்ச் முதல் நிறுத்தப்பட்டிருந்தது. 2025 ஜூலையில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆகவே பஸ். பிரதான கட்டடத்துக்கு வர 3.35.

மலிவு விமானங்கள் புறப்படுவது இரண்டாம் முனையத்திலிருந்து. அங்கே போக மலேசியாவுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். வீசா எடுத்திருந்தேன். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்தை மறந்துவிட்டேன். வரிசையை விட்டு விலகி, தொலைபேசியில் அதை நிரப்பி, திரும்ப வரிசையில் நின்று வெளியே வர 4.05. மாதிரிப் பெட்டி பட்டியில் வந்து சேர 4.15. முனையங்களுக்கிடையிலான ரயில் மூன்றே நிமிடத்தில் போய்விடும். ஆனால் மேடையைத் தேடி நடப்பதும், ரயிலுக்குக் காத்திருப்பதும், இறங்கி மறுபடி நடப்பதும் சேர்ந்து முகப்பை அடையும்போது 4.35.

விமானம் புறப்பட இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. ஆனால் பெட்டி ஒப்படைக்கும் முகப்பு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே, அதாவது 4.05க்கே மூடப்பட்டுவிட்டது. குடிவரவிலிருந்து நான் வெளியே காலடி வைத்த அதே நிமிடம்! அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னார்: "முதல் விமானம் தாமதமானது எங்களுக்குச் சம்பந்தமில்லை சேர். புது டிக்கட் வாங்க வேண்டும்." அவர் மீது பிழை இல்லை. அன்றைய மற்ற விமானங்களில் இடமும் இல்லை. அடுத்த நாள் காலை 6.30க்கு 68,000 ரூபாவுக்கு ஒரு டிக்கட் எடுத்துவிட்டு, அங்கிருந்த தொழுகை அறையில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதேன். அதன் பிறகே மனம் கொஞ்சம் அடங்கியது. அறைக்கு 14,000 போனது.

27ஆம் திகதி பகல் 1.30க்குக் கண்காட்சிக்குள் நுழைந்தேன். பாதிக் கடைகளில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர் 12 மணிவரை பார்த்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். பிறகு தொலைபேசியில் இரண்டு வாரங்கள் இழுபறி. மாதிரியை அவர் கையில் எடுத்துப் பார்க்காததால் கேட்ட கழிவில் பாதிதான் கிடைத்தது. எனக்குப் போனது இரண்டரை இலட்சம். ஓடரும் பிந்தியது. 2025 சீனப் புத்தாண்டு ஜனவரி 29இல் வந்தது. அந்தக் காலத்தில் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். நோன்புப் பெருநாளுக்கு விற்க வேண்டிய சாமான் பெருநாளுக்குப் பிறகே வந்திறங்கியது.

இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். என்னுடன் அதே விமானத்தில் காத்தான்குடித் தம்பி ஒருவரும் வந்தார். அவருக்கும் குவாங்சோதான். அவருடைய இடைவெளி என்னுடையதைவிடக் குறைவு, இரண்டு மணி பத்து நிமிடம்தான். அவரும் இணைப்பைத் தவறவிட்டார். ஆனால் அவரிடம் இருந்தது ஒரே டிக்கட். விமான சேவையே இரவு 7.30 விமானத்தில் இடம் கொடுத்து, சாப்பாட்டுக்கும் கூப்பன் கொடுத்தது. அவர் மலேசியாவுக்குள் நுழையவும் இல்லை, பெட்டியைத் தொடவும் இல்லை. மறுநாள் காலை கண்காட்சியிலிருந்து எனக்கு அழைப்பு: "நானா, எங்க நிக்கிறீங்க?"

ஒரே டிக்கட் என்றால் என்ன?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. முழுப் பயணத்தையும் ஒரே டிக்கட்டாக விற்கும்போது அதைவிடக் குறுகிய இணைப்பைக் கணினி ஏற்காது. முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்களின் பொறுப்பு. இரண்டு டிக்கட் என்றால் அந்த இடைவெளியைச் சரிபார்ப்பவர் எவரும் இல்லை, பொறுப்பு முழுவதும் உங்களுடையது. ஒரே ஏஜன்டிடம், ஒரே நாளில், ஒரே பற்றுச்சீட்டில் வாங்கினாலும் இரண்டு டிக்கட் இரண்டு டிக்கட்தான். ஆகவே காசு கொடுக்குமுன், "முழுப் பயணமும் ஒரே டிக்கட்டா? பெட்டி கடைசி ஊர் வரை போகுமா?" என்று கேளுங்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். குவாங்சோவுக்கு அது சி.ஏ.என்.

நேரத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள்

என் பிழை, இறங்கும் நேரத்திலிருந்து புறப்படும் நேரம் வரை எண்ணியது. எண்ண வேண்டியது முகப்பு மூடும் நேரம் வரை. 1.45 முதல் 4.05 வரை என்றால் என்னிடம் இருந்தது 140 நிமிடம்தான். விமானத்தை விட்டு இறங்க 20, பிரதான கட்டடத்துக்கு 20, குடிவரவுக்கு 45, பெட்டிக்கு 20, முனையம் மாற 25. கூட்டினால் 130. அதாவது தாமதமே இல்லாத நாளிலும் எனக்கு மிஞ்சியிருக்கக்கூடியது 10 நிமிடம்! மூன்று மணி இருபது நிமிடம் என்று நான் பெருமையாகச் சொன்ன இடைவெளியின் இலட்சணம் அதுதான்.

இப்போது நான் கடைப்பிடிப்பவை

1. இரண்டு டிக்கட் எடுக்கத்தான் வேண்டுமென்றால் இடையில் ஓர் இரவு தங்குகிறேன். அந்தச் செலவையும் சேர்த்த பிறகும் மலிவா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் இல்லை.

2. இடையில் உள்ள நாட்டுக்குள் நுழைய வேண்டுமா, நம் கடவுச்சீட்டுக்கு வீசா வேண்டுமா, இணையப் படிவம் உண்டா என்பதை டிக்கட் எடுக்குமுன்பே பார்க்கிறேன்.

3. அன்றைய கடைசி இணைப்பு விமானத்தை எடுப்பதில்லை. தவறினால் அதே நாளில் இன்னொன்று இருக்க வேண்டும்.

4. முக்கியமான சந்திப்புக்கு ஒரு நாள் முந்திப் போகிறேன். கண்காட்சியின் கடைசி நாளில் சந்திப்பே வைப்பதில்லை.

5. முக்கிய மாதிரிகளும் பத்திரங்களும் கைப்பையில். பெரிய பெட்டி தேவையென்றால் அதை முன்கூட்டியே கூரியரில் அனுப்புகிறேன்.

6. பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் எழுத்தில் முறைப்பாடு பதிகிறேன். 1999ஆம் ஆண்டு மொன்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், பெட்டி சேதமடைந்தால் பெற்ற நாளிலிருந்து 7 நாட்களுக்குள்ளும், பிந்தி வந்தால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். அதற்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

7. பயணத்துக்கான தகாபுல் காப்புறுதி எடுக்கும்போது, இணைப்பு விமானம் தவறினால் எந்த நிபந்தனையில் பணம் தருவார்கள் என்ற பகுதியை வாசித்துவிட்டே கையெழுத்து வைக்கிறேன்.

31,000 ரூபா மிச்சம் பிடிக்கப்போய் நான் இழந்தது மூன்று இலட்சத்துக்கும் மேல். கொள்கலனுக்குக் காப்புறுதி எடுக்கிறோம், கடைக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம், கடன் கொடுக்குமுன் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் அந்த வியாபாரத்தையே முடிவுசெய்யும் பயணத்தை மட்டும் பத்து நிமிட இடைவெளியில் தொங்கவிடுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்பிக்கப்பட்டவர்கள் நாம். நான் அன்று கட்டாமலே தவக்குல் வைத்தேன்.

அடுத்த முறை யாராவது, "டிக்கட் எவ்வளவுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டால், "ஒரே டிக்கட்டா, ரெண்டு டிக்கட்டா?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தக் கேள்வி ஒருவருடைய சீஸனையே காப்பாற்றக்கூடும்.