ஒவ்வொன்றாக

கணிப்பொறிப் பாடம் தொடங்கும் பிள்ளைகள் தடுமாறுகிற இடங்களில் ஒன்று 'லூப்'. ஒரே வேலையைப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் செய்வதுதான் அது. ரயில்வேயில் இருந்த அன்பர்களுக்கு இது புதிதல்ல. யார்டில் ரேக் வந்து நின்றதும் டிரெயின் எக்ஸாமினர் முதல் வேகனிலிருந்து நடக்கத் தொடங்குவார். சக்கரத்தைப் பார்ப்பார், ஆக்ஸில் பாக்ஸைத் தொட்டுச் சூடு பார்ப்பார், அடுத்ததற்குப் போவார். வேகன் தீர்ந்தால் வேலை தீர்ந்தது.

1957-இல் வந்த ஃபோர்ட்ரானில் ஒன்று முதல் ஐம்பது வரை என்று எண்ணித்தான் சுற்ற வேண்டும். 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தானில் அந்த எண்ணிக்கை வேண்டாம். 'ஃபார் பெயர் இன் பட்டியல்' என்றால், சுற்றுக்கு ஒரு பெயர் கைக்கு வரும். 'பெயர்' என்பது முழுப் பட்டியல் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது எக்ஸாமினர் இப்போது தொட்டுக்கொண்டிருக்கும் வேகன், ரேக் அல்ல.

நம் சங்கத்து முகவரிப் பட்டியலைச் சீர்செய்யும் வேலையை ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் பி.யூ.சி. படிக்கும் பெண் ஏற்றுக்கொண்டாள். காலமானவர்களை நீக்க நாலு வரியில் புரோகிராம் எழுதினாள். அது பிழை எதுவும் காட்டாமல் ஓடிற்று. பொங்கல் அழைப்பிதழுக்கு லேபிள் ஒட்ட உட்கார்ந்தபோது, கணவர் போன சில மாதங்களில் தாமும் மறைந்த ஓர் அம்மையாரின் பெயர் வந்தது. கணவர் பெயர் இல்லை. அந்த வீட்டில் இப்போது மகன் மட்டும்தான். நல்லவேளை, தபாலில் சேர்க்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் 'காலமானவர்'னுதானே போட்டிருந்தேன், தாத்தா?" என்றாள்.

போட்டுத்தான் இருந்தாள். பைத்தான் பட்டியலில் நடக்கும்போது எத்தனையாவது இடம் என்பதை மட்டுமே நினைவில் வைக்கிறது. கணவர் 14, மனைவி 15 என்று வையுங்கள். 14-ஐ நீக்கியதும் பின்னால் உள்ளவர்கள் ஓரிடம் முன்னே நகர்வார்கள். அம்மையார் 14-க்கு வந்துவிட்டார். லூப்போ 15-க்குப் போய்விட்டது. அவரை யாரும் பார்க்கவே இல்லை.

யார்டில் எக்ஸாமினர் நடந்துகொண்டே வேகனைக் கழற்றுவதில்லை. சாக்பீஸால் குறிபோட்டுவிட்டுப் போவார். பிறகுதான் ஷண்டிங், சிக் லைன் எல்லாம். அதைச் சொன்னதும் அவளே பிடித்துக்கொண்டாள். பழைய பட்டியலைத் தொடாமல், இருப்பவர்களை மட்டும் புதுப் பட்டியலில் சேர்க்கும்படி மாற்றினாள். பழைய லேபிள்களோடு ஒத்துப் பார்த்ததில், அடுத்தடுத்து இருந்த இன்னொரு தம்பதியும் அகப்பட்டார்கள்.

பைத்தானில் 'டிக்‌ஷனரி' என்று வேறொரு தொகுப்பும் உண்டு. (அகராதி என்றதும் நினைவுக்கு வருகிறது: நம் ஆஸ்டின் டவுனுக்குச் சூட்டப்பட்ட பெயருக்குரிய கிட்டல் பாதிரியார், 1894-இல் சுமார் 70,000 சொற்களுடன் கன்னட அகராதி வெளியிட்டவர்.) அதைச் சுற்றும்போது நடுவில் ஒன்றை நீக்கினால், அடுத்த சுற்றுக்குப் போகாமல் பிழை சொல்லி நின்றுவிடும். பட்டியல் அப்படி நிற்பதில்லை. சத்தமில்லாமல் ஓர் ஆளைத் தாண்டிப் போய்விடும். எனக்கென்னவோ நின்றுவிடுவதே மேல் என்று படுகிறது.