வீட்டுக்குள் ஒரு கணினி வலை

பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. கூடத்தில் ஒரு கணினி, பிள்ளைகள் அறையில் இரண்டு. கூடத்துக் கணினியிலுள்ள கல்யாணப் படங்களை உள்ளறைக்கு வாட்சப்பில் அனுப்புகிறோம். அவை எங்கோ தொலைவிலுள்ள நிறுவனக் கணினிக்குப் போய், பெரும்பாலும் தெளிவு குறைந்து திரும்புகின்றன. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலைதான்!

வீட்டு ரவுட்டர் மூன்று கணினிகளையும் முன்பே இணைத்திருக்கிறது. வீட்டு எண் பார்த்துக் கடிதம் பிரித்துத் தரும் தோட்டத்துக் கிராணியாரைப் போல, ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் கொடுத்துச் செய்தியைச் சேர்க்கிறது. இணையம் அறுந்தாலும் இவ்வேலை நிற்காது.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பேசும் மொழி எஸ்.எம்.பி. அம்மொழியை லினக்ஸ் கணினிகளும் பேச வைத்தது, ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் வெளியிட்ட நிரலிலிருந்து வளர்ந்த சம்பா.

இங்கேதான் கவனம் வேண்டும். 2017 மே மாதம் வான்னகிரை என்ற நச்சுநிரல், பழைய எஸ்.எம்.பி.யின் ஓட்டை வழியே பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்கள் அகப்பட்டார்கள்.

ஆகவே முழு வட்டையும் திறந்துவிடாமல், ஒரே ஒரு கோப்புறையைக் கடவுச்சொல்லுடன் பகிர்வோம். சிறுவர்களுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். ஏனெனில் பிற கணினியிலிருந்து பகிர்ந்த கோப்பை அழித்தால், அது பொதுவாகக் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. பிறப்புப் பத்திரம் போன்றவற்றுக்குத் தனி வட்டில் இன்னொரு படி எடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைப்போம்.