அளக்கக் கற்றல்: லாச்சப்பலில் இருந்து ஒரு தொழிற்கல்விக் குறிப்பு

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். லாச்சப்பலில் ரூ காய் வீதியில் உள்ள தேநீர்க்கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய மகன் கொலேஜின் கடைசி வகுப்பில், அதாவது பிரெஞ்சுக்காரர் 'துரோசியம்' என்று சொல்லும் வகுப்பில் படிக்கிறான். அடுத்த வருடம் எந்தப் பாதையில் போகலாம் என்று ஆசிரியர் குழு எழுதிய முதற் கருத்து அந்தக் கடிதத்தில் இருந்தது.

"அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. பொடியனைத் தொழில் படிப்புக்குப் போகச் சொல்லி எழுதியிருக்கினம் போலை. மின்சாரம், இலத்திரனியல் எண்டு ஏதோ கிடக்கு. படிக்க ஏலாதவங்களைத்தானே அங்கை தள்ளுறவங்கள்?"

பல வருடங்களாகப் பலர் என்னிடம் கேட்டுவரும் கேள்வி இது. நான் தொழிற்சாலைக் கருவிகளோடு வேலை செய்பவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். அன்று நின்ற நிலையில் அவருக்குச் சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் வேறு சிலருக்கும் இது உதவலாம்.

சைக்கிள் சில்லும் நான்கு இருவாயிகளும்

எனது படிப்பு யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பப் பாடநெறியில் தொடங்கியது. அது முடியவில்லை. 1990 ஆனியில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. மின்சாரம் இல்லாத ஊரில் இலத்திரனியல் படித்த மாணவர்கள் நாங்கள். ஆனால் அந்தக் காலத்தில்தான் உருப்படியாக எதையாவது கற்றோம் என்று இன்று தோன்றுகிறது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் சில்லைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட கதை அந்தத் தலைமுறைக்குத் தெரியும். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் வைக்க வேண்டும். சில்லை வேகமாகச் சுற்றினால் மின்னழுத்தம் ஏறி வானொலி எரிந்துவிடும், மெதுவாகச் சுற்றினால் குரல் செத்துவிடும். எனவே ஒருவர் சுற்ற, இன்னொருவர் மானியைப் பார்த்து "கொஞ்சம் கெதியா", "காணும்" என்று சொல்ல வேண்டும்.

பின்னாளில் பரிசில் தானியக்கக் கட்டுப்பாடு என்ற பாடத்தை எடுத்தபோது, முதல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த படம் எனக்குப் புதிதாக இருக்கவில்லை. அளக்கும் ஒன்று, வேண்டிய அளவோடு ஒப்பிடும் ஒன்று, அதற்கேற்பச் செயற்படும் ஒன்று. மானியைப் பார்த்தவனும் சில்லைச் சுற்றியவனும்தான் அந்தப் படத்தில் இருந்தார்கள்.

என்ன படிப்பிக்கிறார்கள்?

ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தையோ பால் பதனிடும் தொழிற்சாலையையோ எடுத்துக்கொள்வோம். அங்கே தொடர்ந்து அளக்கப்படுபவை பெரும்பாலும் நான்கு: வெப்பநிலை, அழுத்தம், ஓட்டம், மட்டம். இவற்றை உணர்ந்து, மின்குறியாக மாற்றி, தூரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் கட்டளைக்கு ஏற்ப வால்வைத் திறந்து மூடுவதுதான் கருவியியல். பிரான்சில் இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. உயர்தரத்துக்குப் பின் இரண்டு வருடம் படிக்கும் பே-தே-எஸ் வகையைச் சேர்ந்தது. 'தொழிற்சாலைக் கட்டுப்பாடும் தானியங்கி ஒழுங்காக்கமும்' என்பது அதன் பெயரின் பொருள். சுருக்கமாக 'சிரா' என்பார்கள்.

அந்த ஆய்வுகூடத்தில் மாணவன் முதலில் சந்திக்கும் பொருட்களில் ஒன்று பிளாட்டினக் கம்பியால் ஆன வெப்ப உணரி. பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில், அதாவது 0 பாகையில், அதன் தடை 100 ஓம். 100 பாகையில் 138.5 ஓம். தடையை அளந்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். அடுத்ததாக வருவது நான்கு மில்லியம்பியர் விதி. இந்தத் தொழிலின் அரிச்சுவடி அதுதான் என்பேன்.

தொழிற்சாலைகளில் ஓர் அளவை நீண்ட கம்பி வழியாக அனுப்புவதற்கு மின்னோட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். மின்னழுத்தமாக அனுப்பினால் கம்பியின் தடையால் வழியிலேயே ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரே சுற்றில் ஓடும் மின்னோட்டமோ எங்கே அளந்தாலும் ஒன்றுதான். 5 மீற்றர் ஆழமான தாங்கி ஒன்றில் தண்ணீர் நிறைந்திருந்தால் 20 மில்லியம்பியர், பாதி என்றால் 12 மில்லியம்பியர். தாங்கி வெறுமையாக இருந்தால்? அப்போது அனுப்பப்படுவது 4 மில்லியம்பியர். பூச்சியம் அல்ல.

ஏன் பூச்சியத்தில் தொடங்கவில்லை என்று புதிதாக வரும் எல்லா மாணவரும் கேட்பார்கள். விடை எளிது. வெறுமையான தாங்கிக்கும் அறுந்த கம்பிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். 4 வந்தால் 'தண்ணீர் இல்லை' என்று கருவி உயிரோடு இருந்து சொல்கிறது. 0 வந்தால் கருவி எதுவுமே சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு அர்த்தம் கொடுக்கக் கூடாது, போய்ப் பார்க்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் சொல்ல வேண்டாத ஓர் இடத்தில், பூச்சியத்தில் தொடங்கும் பழைய கருவி ஒன்று இருந்தது. ஒரு இரவு எலி கம்பியைக் கடித்துவிட்டது. திரையில் 'மட்டம் 0' என்று காட்டியது. தாங்கி வெறுமை என்று நம்பிய இயந்திரம் பம்பியை ஓடவிட்டது. காலையில் நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றோம். அன்று என் கைப்பிழை எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் முதல் நாள் அந்தத் திரையைப் பார்த்துக் கையெழுத்திட்டவன் நான். அதற்குப் பிறகு ஒரு பூச்சியத்தை நான் சும்மா நம்பியதில்லை.

அடுத்து வருவது ஒழுங்காக்கம். அடுப்பில் பால் வைத்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பால் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்துத் தீயைக் குறைப்பது முதற் படி. நெடுநேரமாகக் கொதிக்காமலே கிடக்கிறது என்று கண்டு தீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது இரண்டாவது. எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்று பார்த்து, பொங்குவதற்கு முன்பே தீயைத் தணிப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் கணிதமாக்கியதுதான் உலகெங்கும் தொழிற்சாலைகளில் ஓடும் 'பி.ஐ.டி.' கட்டுப்பாடு. மூன்றையும் எவ்வளவு எவ்வளவு கலப்பது என்பதற்கு சீக்லர், நிக்கல்ஸ் என்ற இருவர் 1942 இல் வெளியிட்ட முறையை இன்றைக்கும் வகுப்பில் படிப்பிக்கிறார்கள்.

வீதிப் பெயர்களும் ஒரு டிப்ளமோவும்

அந்தத் தந்தையின் பயம் 'தொழில்' என்ற சொல்லைப் பற்றியது. நாங்கள் நின்ற இடத்திலேயே அதற்கு ஒரு பதில் இருந்தது. புடவைக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் அடையாளமாக நாம் சொல்லும் வீதிகளின் பெயர்களைப் பாருங்கள். ழான்-பிரான்சுவா காய் செப்புப் பாத்திரம் செய்யும் பட்டறையில் வேலை பழகி, பின்னர் நீராவி இயந்திரங்கள் செய்யும் பெருந்தொழிலதிபரானவர். பக்கத்து வீதியின் ஒகுஸ்த் பெர்தொனே தொடருந்துப் பொறியியலாளர். தொழிலாளருக்கு இலவசப் பாடங்கள் நடத்திய சங்கமொன்றின் தலைவராகவும் இருந்தவர். இந்த இருவரின் பெயர்களும் ஐஃபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் உள்ளன. சற்றுத் தள்ளி இருக்கும் பிலிப் து ஜிரார், 1810 இல் சணல் நூற்கும் இயந்திரம் கண்டவர்.

தமிழ்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949 இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் விமானவியல், வாகனவியல், மின்னணுவியல் ஆகியவற்றோடு கருவித் தொழில்நுட்பமும் தொடக்கத்திலிருந்தே ஒரு துறையாக இருந்தது. எழுத்தாளர் சுஜாதா அங்கே மின்னணுவியல் படித்தார். அப்துல் கலாம் விமானவியல் படித்தார். அந்நாளில் அந்த நிறுவனம் வழங்கியது டிப்ளமோ. டிப்ளமோ என்றவுடன் முகம் சுளிக்கும் நம்மவர்களுக்கு இதை நினைவூட்ட விரும்புகிறேன். சுஜாதா பின்னர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர் என்பதும் வாசகர்கள் அறிந்ததே.

பாதைகளும் அவற்றின் கல்லும் முள்ளும்

ஆனால் உதாரணங்களைக் காட்டி ஒரு தந்தையைச் சமாதானப்படுத்துவது நேர்மையல்ல. பிரான்சில் தொழிற்பாதைக்கு உண்மையான இடர்கள் இருக்கின்றன.

கொலேஜுக்குப் பின் ஒரு வழி மூன்று வருட 'பாக் புரோ'. மின்சாரத்துக்கு 'மெலெக்' என்ற பிரிவு உண்டு. இலத்திரனியலுக்கு, 2023 இல் தொடங்கி, இணையப் பாதுகாப்பையும் வலையமைப்பையும் சேர்த்து 'சியேல்' என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. கைவேலை நன்றாக வரும், கணிதம் குறைவாக இருக்கும். பே-தே-எஸ் படிப்பில் இவர்களுக்கென ஒரு பங்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. ஆனால் இடம் கிடைத்தபின் முதல் வருடக் கணிதத்தில் திணறி விட்டுப்போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மற்ற வழி, பொது உயர்பள்ளியில் சேர்ந்து, இரண்டாம் வருடத்தில் 'எஸ்-தே-இ-தே-தே' என்ற தொழில்நுட்பப் பிரிவுக்குப் போவது. 2011 முதல் இருக்கிறது. கணிதமும் பௌதிகமும் கூடுதலாக இருக்கும், பே-தே-எஸ்ஸுக்கும் மூன்று வருடப் பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் படிப்புக்கும் அது நல்ல அத்திவாரம். கணிதம் பிடித்த, மேலே படிக்க விரும்பும் பிள்ளைக்கு இதையே கேட்டுப் பார்க்கச் சொல்வேன். கையால் செய்தால்தான் புரியும், வகுப்பில் உட்கார்ந்தால் தூங்கிவிடும் என்ற பிள்ளைக்குப் பாக் புரோ தண்டனை அல்ல. வேலை பழகிக்கொண்டே படிக்கும் ஒப்பந்தமும் உண்டு. அதில் பிள்ளைக்குச் சம்பளம் கிடைக்கும், படிப்புக்குக் கட்டணம் இல்லை.

ஆசிரியர் குழுவின் முதற் கருத்து இறுதி முடிவு அல்ல என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். கடிதத்தில் பெற்றோர் பதில் எழுத ஓர் இடம் இருக்கிறது. நம்மில் பலர் மொழிக் கூச்சத்தால் அதை வெறுமையாகத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். கருவிமொழியில் சொன்னால், நாம் 4 அனுப்ப வேண்டிய இடத்தில் 0 அனுப்புகிறோம். அந்த மௌனத்தை மற்றவர்கள் சம்மதம் என்று வாசித்துவிடுகிறார்கள்.

அத்தாட்சி என்பது

கருவியியலில் இன்னொரு பாடம் அளவுத்திருத்தம். என் கையில் உள்ள அழுத்தமானி சரி என்று நான் சொன்னால் போதாது. அதைவிடத் துல்லியமான ஒன்றோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அதை இன்னொன்றோடு, இப்படியே தேசிய ஆய்வுகூடம் வரை சங்கிலி போக வேண்டும். பரிசுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் காக்கப்படும் உலோக உருளை 2019 மே 20 வரை உலகத்துக்கே கிலோகிராமாக இருந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு காகிதம் உண்டு. காகிதம் இல்லாத மானி சரியாகக் காட்டினாலும் யாரும் அதை நம்பிக் கையெழுத்திட மாட்டார்கள்.

நான் 1993 இல் இங்கு வந்தபோது அப்படி ஒரு மானியாகத்தான் இருந்தேன். உணவகத்தில் கோப்பை கழுவினேன். 1794 இல் நிறுவப்பட்ட 'க்னாம்' என்ற பொதுக்கல்வி நிறுவனம் வேலை செய்பவர்களுக்கு மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு நடத்துகிறது என்று ஒருவர் சொன்னார். லாச்சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். சமையலறை மணத்தோடு பின்வாங்கில் இருந்து படித்தேன். பிறகு மின்பலகைகளுக்குக் கம்பி இணைக்கும் வேலை, பிறகு கருவிகள்.

2002 இல் வந்த ஒரு சட்டம், வேலை அனுபவத்தை மட்டுமே ஆதாரமாகக் காட்டிப் பட்டயம் பெற வழி செய்தது. 'வே-ஆ-உ' என்பார்கள். அப்போது மூன்று வருட அனுபவம் தேவைப்பட்டது. 2016 இல் அது ஒரு வருடமாகக் குறைந்தது. 2022 டிசம்பர் சட்டத்துடன் குறைந்தபட்சக் காலம் என்பதே நீக்கப்பட்டது. நீங்கள் செய்த வேலையை, ஏன் செய்தீர்கள், எப்படி முடிவெடுத்தீர்கள் என்று விரிவாக எழுதி, நடுவர் குழுவின் முன் விளக்க வேண்டும். நான் 2009 இல் எழுதினேன். பிரெஞ்சில் அதற்குமுன் ஒரு பக்கம்கூட எழுதியிராதவன், எட்டு மாதம் இரவிரவாக எழுதினேன். தண்ணீரில் நின்ற அந்தக் காலையைப் பற்றியும் எழுதியிருந்தேன். நடுவர் குழு அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்டது.

இவ்வளவையும் சொல்லி முடிக்கத் தேநீர் ஆறிவிட்டது. மகனைக் கூட்டிக்கொண்டு இரண்டு பள்ளிகளின் திறந்தநாளுக்குப் போங்கள், ஆய்வுகூடத்தில் கருவிகள் ஓடுகின்றனவா அல்லது தூசி பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள், சென்ற வருடம் முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள், எல்லாவற்றுக்கும் முதல் அவனுக்கு என்ன விருப்பம் என்று அவனையே கேளுங்கள் என்றேன்.

அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு விடுதியில் பதினான்கு வருடமாகக் குளிரறைகளையும் கொதிகலனையும் பார்த்துக்கொள்பவர் அவர். உத்தியோகப் பெயர் துப்புரவுப் பணியாளர்.

போகத் திரும்பியவர் நின்று கேட்டார்: "அண்ணை, அந்த வே-ஆ-உ எண்டது... நானும் எழுதலாமோ?"

அடுத்த சனிக்கிழமை கொப்பி ஒன்றுடன் வரச் சொன்னேன்.