உயர் பிரிதிறன் சி.டி. ஸ்கேன்

உயர் பிரிதிறன் சி.டி. ஸ்கேன் அல்லது எச்.ஆர்.சி.டி. என்பது உடலின் உட்பகுதிகளை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள குறுக்குவெட்டுப் படங்களாகக் காட்டும் மருத்துவப் படிமவியல் முறை ஆகும். நுரையீரல் நோய்களை அறிவதற்கே இது மிகுதியாகப் பயன்படுகிறது. காது எலும்புகளை ஆராயவும் உதவுகிறது.

பின்னணி

சி.டி. ஸ்கேன் கொண்டு நோயாளி ஒருவர் முதன்முதலாக 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் படமெடுக்கப்பட்டார். இக்கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இதற்கான கணித அடிப்படையை வகுத்த ஆலன் கோர்மக்கிற்கும் 1979 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நுரையீரலுக்கான உயர் பிரிதிறன் முறை 1980களில் வளர்ச்சி பெற்றது.

செயல்படும் விதம்

தொடக்ககால சி.டி. படங்களில் ஒவ்வொரு வெட்டும் 5 முதல் 10 மில்லிமீட்டர் தடிப்புடன் இருந்தது. ஒரே வெட்டில் அடங்கும் பல நுண்ணமைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மங்கலாகத் தெரியும். வெட்டின் தடிப்பைக் குறைத்து, விளிம்புகளைக் கூர்மையாக்கும் கணினி வழிமுறையால் படத்தை மீளமைக்கும்போது இக்குறை நீங்குகிறது.

நோயாளி மூச்சை முழுவதும் உள்ளிழுத்து நிறுத்தியிருக்கையில் படம் எடுக்கப்படும். சிறு மூச்சுக்குழாய்களில் காற்று சிறைப்பட்டுள்ளதா என அறிய, மூச்சை வெளிவிட்ட நிலையிலும் எடுப்பதுண்டு. மல்லாந்து படுக்கும்போது முதுகுப்புறம் தோன்றும் நிழல் நோயால் ஏற்பட்டதா, உடலின் நிலையால் ஏற்பட்டதா எனப் பிரித்தறியக் குப்புறப் படுக்கவைத்தும் எடுப்பர். பொதுவாக நிறமூட்டி மருந்து செலுத்தப்படுவதில்லை.

மருத்துவப் பயன்கள்

நுரையீரல் தழும்பேற்றம்: தொடர் வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் உள்ள ஒருவரின் எக்ஸ்-கதிர் படம் தொடக்க நிலையில் இயல்பாகவே தோன்றக்கூடும். எச்.ஆர்.சி.டி. படத்தில் நுரையீரலின் அடிப்பகுதியிலும் ஓரங்களிலும் தேன்கூட்டுத் தோற்றம் தெளிவாகக் காணப்பட்டு, பிற காரணங்களும் விலக்கப்பட்டால், காரணமறியா நுரையீரல் தழும்பேற்றம் எனத் திசு ஆய்வு இன்றியே முடிவு செய்ய இயலும். இவ்வேறுபாடு சிகிச்சையையே மாற்றுகிறது. இடைத்திசு நோய்கள் சிலவற்றுக்கு ஸ்டீராய்டு பலன் தருகிறது. ஆனால் காரணமறியா தழும்பேற்றத்தில் ஸ்டீராய்டு உள்ளிட்ட கூட்டு மருந்து இறப்பைக் கூட்டியதாக 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்நோய்க்கு இப்போது பிர்ஃபெனிடோன், நின்டடானிப் ஆகிய மருந்துகள் வழங்கப்படுகின்றன. இவை நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கின்றன.

மூச்சுக்குழாய் விரிவு: மூச்சுக்குழாய் தன் அருகிலுள்ள தமனியைவிடப் பெரிதாகி, குறுக்குவெட்டில் கல் பதித்த மோதிரம் போலத் தோன்றும்.

தொற்றுகள்: காசநோய் மூச்சுக்குழாய்கள் வழியே பரவும்போது, அரும்பு கட்டிய கிளை போன்ற தோற்றம் காணப்படலாம். கோவிட்-19 நோயில் தேய்த்த கண்ணாடி போன்ற வெண்திட்டுகள் காணப்பட்டன. பாதிப்பின் அளவு நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் சேர்த்து 25 புள்ளிகளுக்குக் கணக்கிடப்பட்டது.

தொழில்சார் நோய்கள்: கல் உடைப்போரைத் தாக்கும் சிலிக்கோசிஸ், கல்நார்த் தூசியால் வரும் அஸ்பெஸ்டோசிஸ் ஆகியவற்றை அறிய உதவுகிறது.

காது: நடுக்காதின் சிற்றெலும்புகள் அரிக்கப்பட்டுள்ளனவா என்பதை அறியவும், காக்ளியர் கருவி பொருத்தும் முன் உட்காதின் அமைப்பைக் காணவும் பயன்படுகிறது.

வரம்புகளும் கதிர்வீச்சும்

நிறமூட்டி இல்லாததால் நுரையீரல் தமனியில் உள்ள இரத்த உறைவை இம்முறையால் நம்பகமாகக் காட்ட இயலாது. அதற்குத் தனியான சி.டி. பரிசோதனை தேவை. வெவ்வேறு நோய்கள் ஒரே தோற்றத்தைத் தருவதும் உண்டு. எனவே நோயாளியின் தொழில், பழக்கங்கள், அறிகுறிகள் ஆகியவற்றுடன் சேர்த்தே படத்தைப் பொருள்கொள்ள வேண்டும்.

நெஞ்சு எக்ஸ்-கதிர் படத்தின் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வழக்கமான நெஞ்சு சி.டி. ஸ்கேனில் இது சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட் ஆகும். மனிதர் இயற்கையிலிருந்து ஆண்டுதோறும் பெறும் கதிர்வீச்சு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். ஆகவே, கிடைக்கும் தகவல் சிகிச்சையை மாற்றக்கூடும் என மருத்துவர் கருதும் நிலையிலேயே இப்பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. கருவுற்ற பெண்கள் அதனை முன்கூட்டியே தெரிவிப்பது அவசியமாகும்.