போட்டோவில் மெரூன்... பார்சலில் பிரவுன்! கைவினைப் பொருட்களை வீட்டிலேயே படம் எடுக்க எந்த லைட் சரி?

சில்க் த்ரெட் வளையல், டெரகோட்டா கம்மல் என வீட்டிலேயே செய்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும் பெண்களுக்குப் பழக்கமான மெசேஜ் இது: "அக்கா, படத்துல மெரூனா இருந்துச்சு, வந்தது பிரவுனா இருக்கே?" பார்சல் திரும்பி வந்தால் போக வர கூரியர் செலவிலேயே லாபம் போய்விடும். இத்தனைக்கும் நூலில் குறை இருக்காது. பெரும்பாலும் பிரச்னை, படம் எடுத்த அறையின் வெளிச்சத்தில்தான்.

கலர் ஏன் மாறுது?

ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு நிறம் உண்டு. அதை கெல்வினில் அளக்கிறார்கள். மஞ்சள் வெளிச்சம் தரும் வார்ம் ஒயிட் பல்பு 2,700 முதல் 3,000 கெல்வின். வீடுகளில் அதிகம் எரியும் வெள்ளை எல்இடி 6,500 கெல்வின், கொஞ்சம் நீலம் கலந்தது. நடுப்பகல் வெளிச்சம் சுமார் 5,500.

ஒரே வகை வெளிச்சம் என்றால் செல்போன் கேமரா ஓரளவு தானாகவே சரிசெய்துவிடும். ஜன்னல் ஒரு பக்கம், டியூப்லைட் மறுபக்கம் என்றால் அதுவும் குழம்பிவிடும். வளையலின் ஒரு பாதி நீலமடிக்கும், மறுபாதி மஞ்சளடிக்கும். எனவே படம் எடுக்கும்போது ஒரு வெளிச்சம் போதும், மற்றதை அணைத்துவிடுங்கள். பச்சை, பிங்க் பெயின்ட் அடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அந்தச் சாயலும் பொருளின் மேல் விழும்.

ஜன்னலே போதுமா?

பகலில் நேரம் கிடைத்தால் தாராளமாகப் போதும். செலவும் இல்லை. ஜன்னலை ஒட்டி மேஜையைப் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பொருளை வைக்க வேண்டும். டெரகோட்டாவில் செதுக்கிய வேலைப்பாடு அப்போதுதான் எடுத்துத் தெரியும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் மென்மையாகும்.

நேரடி வெயில் மட்டும் கூடாது. 'வடக்கு ஜன்னலில் வெயிலே வராது' என்று யூடியூப் வீடியோக்களில் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதியச் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். அந்த மாதங்களில் ஜன்னலில் மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள்.

ராத்திரிதான் நேரம் கிடைக்குது என்றால்?

பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் பலருக்கும் போனை எடுக்கவே முடிகிறது. அவர்களுக்கு பல்புதான் வழி. கடையில் 'எத்தனை வாட்?' என்று கேட்பதுதான் வழக்கம். அதைவிட முக்கியம், அட்டைப்பெட்டியில் உள்ள சிஆர்ஐ என்ற எண். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது, நூற்றுக்கு. சாதாரண எல்இடி பல்புகள் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியே இருக்கும். அவற்றில் முதலில் அடிபடுவது அடர் சிவப்பு. மெரூன் பட்டுநூலும் செம்மண் நிறமும் மங்கித் தெரிய அதுவும் ஒரு காரணம். 90-க்கு மேல், 5,000 கெல்வினுக்கு அருகில் உள்ள பல்பு கேட்டு வாங்குங்கள். இரண்டு பல்பு வேண்டுமானால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும்.

வெளிச்சம் குறைவாகத் தெரிந்தால் ஃபிளாஷ் வேண்டாம். போனை நாலு புத்தகத்தின் மேல் அசையாமல் சாய்த்து வைத்து, டைமரில் எடுத்தாலே தெளிவாக வரும். திரையில் கோடு கோடாக ஓடினால் பல்பின் துடிப்புதான் காரணம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ரிங் லைட் வாங்கலாமா?

முகத்துக்கு சரி. குந்தன் கல், கண்ணாடி மணி வைத்த நகைக்கு வேண்டாம், ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெள்ளை வளையம் தெரியும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைப் பக்கவாட்டில் திருப்பி, நடுவில் ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்துப் பார்க்கலாம்.

படத்தைப் போடும் முன் ஒரு வேலை பாக்கி. போனில் கண்ணுக்கு இதமாக மஞ்சளாக்கும் செட்டிங் இருந்தால் அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பொருளைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையா? அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.