வழிகாட்டுவதும் ஓர் அமானிதமே

விடுமுறை நாட்களில் அடையாறு, மயிலாப்பூர் பகுதிகளிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சைக்கிளில் செல்லும் நம் இளைஞர்கள் சிலர், ஐரோப்பாவில் மலைச் சைக்கிள் குழுக்களுக்கு வழிகாட்டியாகப் பணியாற்ற முடியுமா எனக் கேட்கிறார்கள். முடியும். ஆனால் நன்றாக ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது.

பிரான்சில் ஊதியம் பெற்று இப்பணியைச் செய்ய, அரசு அங்கீகரித்த பட்டயமும் தொழில் அட்டையும் கட்டாயம். பிரிட்டனில் அப்படிச் சட்டம் இல்லை. ஆயினும் வேலை தருவோர் 'பிரிட்டிஷ் சைக்கிளிங்' போன்ற அமைப்பின் சான்றிதழையும் முதலுதவிப் பயிற்சியையும் எதிர்பார்க்கிறார்கள். ஒரு நாட்டின் தகுதியை மற்றொரு நாடு ஏற்க ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் நெறிமுறை வகுத்தது. அது அடிப்படையில் ஒன்றியக் குடிமக்களுக்கானது. எனவே நம்மவர்கள் எந்த நாடு என்பதை முதலில் முடிவு செய்து, அந்நாடு ஏற்கும் சான்றிதழையே பெற வேண்டும். வேலை விசா தனி.

இவ்வளவு கெடுபிடி ஏன்? 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலைக் காட்டுத்தீயில், சென்னையிலிருந்து மலையேறச் சென்றவர்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

ஹிஜ்ரத் பயணத்தில் வழிகாட்டிய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். பாதையை நன்கறிந்தவர், நம்பகமானவர் என்பதால் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் அவரைக் கூலிக்கு அமர்த்தி, தம் ஒட்டகங்களையும் ஒப்படைத்தார்கள்.

நம்மை நம்பிப் பின்னால் வருவோரின் உயிர் அமானிதம். தகுதியைப் பெற்ற பிறகே அப்பொறுப்பை ஏற்போம்.